பணத்துக்கு மாளிகை; பறிகொடுத்தவனுக்கு?

அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் நகரிலே, வால் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. பங்கு வணிகத்தின் பாசறை அது. அத்தெருவின் 48-ஆம் எண் கட்டடத்திலே, பழைய வங்கி மண்டபத்திலே, 2008 ஜனவரியில் ஒரு காட்சிச்சாலையைத் திறந்தார்கள். அரிய ஓவியமல்ல அங்கே; ஆதிகாலச் சிலையுமல்ல. பணம்! பழைய நோட்டு, பங்குப் பத்திரம், கடன் பத்திரம் - இவைதாம் காட்சிப் பொருள்கள். அமெரிக்க நிதி அருங்காட்சியகம் என்று பெயர்.

பணத்தைக் காட்டவும் பணம் வேண்டுமே! அதற்காகப் பெருவிருந்து நடத்துவது அவர்கள் வழக்கம். நிதி உலகப் பெரும்புள்ளிகள் வருவார்கள். மேசைக்கு இவ்வளவு என்று விலை. விருது உண்டு, பாராட்டுரை உண்டு, வருங்காலத் திட்டங்களும் உண்டு.

இதை நாம் சொன்னபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே உழைக்கும் திருவேற்காட்டுத் தோழர் ஒருவர் தேநீர்க் கடையிலே சிரித்தார். "நம்ம கையிலே நிக்காததைக் கண்ணாலயாவது பாக்கலாம்ணே!" என்றார். நாமும் சிரித்தோம். சிரித்த பிறகு சிந்தித்தோம்.

அந்தக் காட்சிச்சாலை ஏன் பிறந்தது? 1987 அக்டோபர் 19 அன்று, ஒரே நாளில், நியூயார்க் பங்கு விலைக் குறியீடு நூற்றுக்கு 22 பங்குக்கு மேல் சரிந்தது. பட்ட அடியை மறக்கக் கூடாது என்று கருதி, ஜான் ஹெர்சாக் என்ற பங்கு வணிகர் 1988-இல் அதைத் தொடங்கினார். மறதிக்கு மருந்து! நல்ல நோக்கம்தான், நாம் குறை கூறவில்லை.

ஆனால் நடந்தது என்ன? புதிய மண்டபம் திறந்த எட்டே மாதத்தில், 2008 செப்டம்பர் 15 அன்று, லேமன் பிரதர்ஸ் என்ற மாபெரும் நிதி நிறுவனம் மண்ணைக் கவ்வியது. இலட்சக்கணக்கான எளியோர் வீடிழந்தனர், வேலையிழந்தனர். சரிந்த நிதி நிறுவனங்களைத் தூக்கி நிறுத்தவோ, அமெரிக்க சர்க்கார் 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கிச் சட்டம் செய்தது!

ஒரு காட்சிச்சாலை சரிவைத் தடுத்துவிடாது என்பது நமக்குத் தெரியும். நாம் சொல்ல வருவது வேறு. பணக்காரன் மறந்தால் தூக்கிவிடக் கஜானா ஓடி வருகிறது. பாட்டாளி மறந்தால் யார் வருகிறார்? பணத்தின் பாடம் யாருக்கு அதிகம் தேவை? விருந்து மேசைக்காரனுக்கா, வியர்வை சிந்துபவனுக்கா?

அந்த மண்டபத்துக்கும் ஒரு நாள் கேடு வந்தது. 2018 ஜனவரியில் குழாய் வெடித்து வெள்ளம் புகுந்தது. காட்சிச்சாலை மூடப்பட்டது, ஆண்டுக்கணக்கில் நிலையான வீடின்றி நின்றது. பணத்தின் வீட்டுக்கே அந்த நிலை!

நம் நாட்டுக்கு வருவோம். மும்பையில் ரிசர்வ் வங்கி அமைத்த நாணய அருங்காட்சியகத்தை 2004-இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். 2019-இல் கொல்கத்தாவிலும் ஒன்று வந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலே பழங்காசுகளைக் காணலாம். நல்லவைதாம். காசடித்த மன்னனைக் காட்டுகிறார்கள். காசைப் பறிகொடுத்த மக்களையும் காட்ட வேண்டாமா?

திருவேற்காட்டிலே பிறந்தவர் மூர்க்க நாயனார் என்கிறது பெரியபுராணம். சூதாடி வென்ற பொருளால் அடியார்க்கு அமுதளித்தாராம். வென்றவர் பெயர் நின்றது. தோற்றவர் பெயரைப் புராணம் குறிக்கவில்லை! வால் ஸ்ட்ரீட்டிலும் அதே கதைதான்.

தோற்றவர் கதை நம்மிடம் ஏராளம். 1906 அக்டோபரில் சென்னையிலே அர்பத்நாட் என்ற ஆங்கிலேயர் கம்பெனி திவாலாயிற்று. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு பறிபோயிற்று; அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அந்த அடியிலிருந்துதான், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர் முன்னிற்க, 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது. பாடம் நினைவில் நின்றதா? தொண்ணூறுகளிலே தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்தன, மறைந்தன. 1997-இல் கழக ஆட்சி முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பிறகும் 2012-இல் ஈமு கோழி மோசடி! பெயர் மாறியது, பித்தலாட்டம் மாறவில்லை.

வென்ற கதையும் உண்டு. நமது திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரிலேதான், 1904-இல், இந்தியாவின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. இங்கே திருவேற்காட்டிலோ, ஏழை எளியோர் கருமாரியம்மனுக்குச் செலுத்திய பொன் உண்டு. பயன்படாத அத்தகைய பொன்னை, ஓய்வு பெற்ற நீதிபதிகளின் மேற்பார்வையில் பிரித்தெடுத்து, கட்டிகளாக உருக்கி வங்கியில் வைத்து, வட்டியைக் கோயில் பணிக்கே செலவிடும் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கிற்று. முதலில் எடுத்துக்கொண்ட மூன்று கோயில்கள் திருவேற்காடு, சமயபுரம், இருக்கன்குடி. ஊரார் பொருளை ஊரறியக் கணக்கு வைத்துக் காப்பது எப்படி என்பதற்கு இது சான்று.

ஆகவே கேட்கிறோம்: இந்த வட்டாரத்திலே பாட்டாளிக்கென ஒரு பணக் காட்சிச்சாலை வேண்டும். இடம் அரசு தரட்டும். மேசைக்கு விலை வைக்கும் விருந்து வேண்டாம். தொழிற்சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் ஆளுக்குப் பத்து ரூபாய் திரட்டட்டும். சில்லறையால் உண்டியல் நிறைவதை அன்றாடம் காணும் ஊர் இது! பெருந்தனக்காரர் பணத்தில் எழுந்தால், அவர் பிழையைச் சொல்ல நா கூசும். நம் காசில் எழுந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லலாம்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டாம், தோழர்களே! கிளைக் கழகப் படிப்பகத்திலே ஒரு பலகை போதும். ஓடிப்போன நிதி நிறுவனத்தின் ரசீது, ஏலச்சீட்டு அட்டை, அடகுச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பாஸ் புத்தகம் ஆகியவற்றைப் பெயரை மறைத்து அங்கே ஒட்டுங்கள். பக்கத்திலே கணக்கை எழுதுங்கள்.

நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36. தண்டலிலே 8,500 ரூபாய் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 வாங்கினால், ஆண்டுக் கணக்கில் வட்டி நூற்றுக்கு அறுபதைத் தாண்டுகிறது. தவணை தவணையாக அசல் திரும்புவதையும் சேர்த்தால் இன்னும் ஏறும். மாதம் பத்து வட்டி தருகிறேன் என்று பணம் கேட்பவன் ஆண்டுக்கு 120 தருவதாகச் சொல்கிறான். எந்த நேர்மையான தொழிலில் அந்த இலாபம் கிடைக்கும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றவன் ஏமாற மாட்டான்.

அவர்கள் விருந்துண்டு மறந்தார்கள். நாம் வியர்வை சிந்திச் சேர்த்தவர்கள். மறக்க நமக்கு வசதியில்லை!