கயிறு அல்ல, கட்டும் இடம்

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசலில் இறங்கிய கார் அப்படியே புதைந்து நிற்கும். பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வரும், கயிறும் வரும். ‘கயிற்றை எங்கே கட்டுவது? நல்ல கயிறாக இருந்தால் போதாதா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. கயிற்றின் அட்டையில் எத்தனை டன் அச்சிட்டிருந்தாலும், மாட்டிய இடம் அதற்கு முன்பே பிய்த்துக்கொண்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கரிசல் களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அமெரிக்க ராணுவத்தின் தோராயக் கணக்குப்படி, சக்கரம் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கும், மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்குக்கும் எதிர்ப்பு இருக்கும். மட்கார்டு வரை புதைந்த ஒன்றரை டன் கார் 3 டன் இழுவை கேட்கும்.

6 மீட்டர் நைலான் கயிறு அந்த இழுவையில் 90 செ.மீ. நீள்வதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் ஏறியிருக்கும் ஆற்றல் சுமார் 13,500 ஜூல். இரும்புக் கயிறு 3 செ.மீ.தான் நீளும், அதில் 450 ஜூல். நைலான் நீள்வதால்தான் வண்டி வெட்டி இழுபடாமல் மெல்ல நகர்கிறது. அதே நீட்சிதான் ஆபத்தும். கயிறு நடுவில் அறுந்தால் பறப்பது கயிறு மட்டும். மாட்டிய இடம் பிய்ந்தாலோ, கயிற்றின் நுனியில் ஓர் இரும்புத் துண்டும் சேர்ந்து பறக்கும். அந்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு 1 கிலோ கொக்கிக்குப் போனாலே அதன் வேகம் மணிக்கு 260 கி.மீ.யைத் தாண்டும். டிராக்டர் ஓட்டுநரின் முதுகு அதன் நேர்கோட்டில் இருக்கிறது!

  

சரி, எங்கே கட்டுவது? உழவு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்தை நுகத்தடி வழியாகத் திமிலடியில் ஏற்றுவோம். மூக்கணாங்கயிறு திருப்புவதற்கு மட்டும். காரின் அடியில் தெரியும் மெல்லிய வளையங்கள் பெரும்பாலும் மூக்கணாங்கயிறுதான். வண்டியை லாரியிலும் கப்பலிலும் ஏற்றும்போது அசையாமல் கட்டத் தந்தவை. பம்பரும், 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுத்த இரும்பு கார்டுகளும் கொம்பு. பார்வைக்குக் கம்பீரம், பாரத்துக்கு ஆகாது. ஸ்டியரிங் ராடு கால் முட்டி. அங்கே கயிறு போட்டால் மாடு பிறகு நொண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டை வால்; இழுத்தால் வால்தான் கையில் வரும். அந்த உருண்டை முறிந்து பாய்ந்து ஆஸ்திரேலியாவில் உயிர்களே போயிருக்கின்றன.

திமிலடி எது? டிக்கியில் ஜாக்கியோடு கிடக்கும் இரும்பு வளையம்தான், டோ ஹூக். பம்பரில் உள்ள சின்ன மூடியை நெம்பினால் உள்ளே மரை தெரியும். பல கார்களில் அது இடது மரை. கடிகாரம் சுற்றுவதற்கு எதிராகத் திருகி, கழுத்து அழுந்தும்வரை இறுக்க வேண்டும். அரைகுறையாகத் திருகினால் வளையும். நேராக மட்டும் இழுங்கள்; பக்கவாட்டில் கூடாது. அதுவும் ரோட்டில் கட்டி இழுப்பதற்காகத் தந்தது. வெட்டி இழுத்தால் தாங்காது. எனவே முதலில் மண்வெட்டி! சக்கரத்தின் முன்னும் வயிற்றின் அடியிலும் சேற்றை வாரினால் பாரமே குறையும். ஜீப், பிக்கப் வகைகளில் சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி இருந்தால் இன்னும் நல்லது.

டிராக்டர் பக்கமும் இதே கவனம் வேண்டும். பின்னச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில்தான் மாட்ட வேண்டும். அச்சிலோ அதற்கு மேலோ மாட்டினால், சேற்றுக் கார் அசையாதபோது டிராக்டரின் மூக்கு எழும்பும். ஒன்றரை நொடியில் ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழும். கயிறு விறைக்கும் முன், சுற்றி நிற்பவர்களைக் கயிற்று நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்காவது விலக்கிவிடுங்கள். அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கவே கூடாது.