குழாயை உடனே எடுத்தால் என்ன?

ஜவ்வாது மலை போன்ற இடங்களில், இரவில் தரையில் படுத்துறங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது. வீக்கமும் அதிகம் இராது. ஆனால் நஞ்சு நரம்பு நுனிகளைச் சிதைத்து மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். நுனிகள் மறுபடி வளரப் பல நாள் ஆகும். அதுவரை தொண்டை வழியே செருகிய குழாயும் வென்டிலேட்டரும்தான் மூச்சு.

நஞ்சு தெளிந்ததும் குழாயை உருவிவிடலாமே?

மூச்சிழுக்கும் உதரவிதானமும் தசைதான்; வென்டிலேட்டரில் சும்மா கிடந்தால் மெலியும். மூளைச்சாவு அடைந்த 14 பேரின் உதரவிதானத்தைப் பரிசோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், 18 முதல் 69 மணி நேர ஓய்விலேயே தசை இழைகள் பாதிக்குமேல் சுருங்கியிருந்தன.

அதனால் முதலில் ஒத்திகை. எந்திர உதவியைக் குறைத்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம்வரை நோயாளியையே மூச்சிழுக்க விடுவார்கள். தலைமாட்டை உயர்த்தி, சளியை உறிஞ்சியெடுத்து, பக்கத்திலேயே நிற்பவர் செவிலியர். மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டுகிறதா, வேர்க்கிறதா, கழுத்துத் தசை இழுபடுகிறதா? அப்படியென்றால் அன்றைக்கு ஒத்திகை போதும். பாம்புக்கடிக்காரர் தலையைத் தூக்கிச் சில நொடி நிறுத்தினால் நல்ல அறிகுறி. இருமலிலும் வலு வேண்டும்.

இமை திறக்க முடியாமல் கிடந்த நாட்களிலும் அவருக்குப் பெரும்பாலும் காது கேட்டிருக்கும். “குழாயை எடுக்கப்போறோம், நல்லா இருமுங்க” என்று செவிலியர் சொல்லும்போது, அந்தக் குரல் அவருக்கு ஏற்கெனவே பழக்கம்.