படங்கைக் காக்கும் சிறு பொருள்கள்

காட்டிலும் மலையிலும் இரவு தங்குவோர், தலைக்குமேல் விரிக்கும் படங்கையே பெரிதாக எண்ணுவர். ஆனால் காற்று வீசும்போது அக்கூரையைக் காப்பவை, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் முளைகளும் கயிறுகளுமேயாம்.

தைத்தேனியக் கம்பி முளை ஒன்றின் நிறை ஏறக்குறைய 6 கிராம். இறுகிய நிலத்தில் அது உறுதியாக நிற்கும். மணலிலோ எளிதில் கழன்றுவிடும். அங்கே அகன்ற முளைகளே ஏற்றவை.

கயிற்றிலும் கவனம் வேண்டும். 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட நைலோன் வலிமை மிக்கது. எனினும் நனைந்தால் சற்றே நீளும். மாலையில் இறுகக் கட்டிய படங்கு நள்ளிரவு மழையில் தொய்வது இதனாலேயே. தொய்ந்த குழியில் 10 லீற்றர் நீர் தேங்கினால், 10 கிலோகிராம் பாரம் முளையை இழுக்கும். முளை பெயர்ந்தால் உறங்குபவர் நனைவர். குளிர்மலையில் அந்நனைவு உயிருக்கே ஊறாகலாம்.

இதனைத் தடுப்பது, கயிற்றில் கோக்கப்படும் துளையிட்ட சிறு துண்டு. முடிச்சை அவிழ்க்காமலே அதனை நகர்த்திக் கயிற்றை இறுக்கலாம். படங்கின் ஓரத்துத் துளை கிழிந்துவிட்டால், அவ்விடத்தில் ஒரு கூழாங்கல்லைப் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினால் போதும்.

சுமையைக் குறைக்க விரும்புவோர் வேறெதனையும் குறைக்கலாம். இச்சிறு பொருள்களைக் குறைத்தல் ஆகாது.