பழைய டேப் செட்டைத் தூக்கிப் போடாதீர்கள்! செல்போன் பாட்டை வேனில் கேட்க நான்கு வழிகள்

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-இலும், மாருதி ஆம்னி உற்பத்தி 2019-இலும் நின்று போயின. ஆனாலும் நம் வணிகர்கள் பலரிடம் இவ்வண்டிகள் இன்றும் சரக்கு ஏற்றி உழைத்துக் கொண்டிருக்கின்றன. பல வண்டிகளில் கேசட் போடும் டேப் செட்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ரேடியோவும் பாடுகிறது. ஆனால் கேசட் கிடைப்பதில்லை. பாட்டெல்லாம் செல்போனுக்குப் போய்விட்டது.

இதற்காகப் புது செட் வாங்கத்தான் வேண்டுமா? இருப்பில் நல்ல சரக்கு இருக்கும்போது புதுக் கொள்முதல் எதற்கு? பழைய செட்டிலேயே செல்போனை இணைக்க நான்கு வழிகள் உண்டு.

1. கேசட் அடாப்டர்

பார்ப்பதற்குக் கேசட் போலவே இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் வரும். கேசட்டைச் செட்டில் போட்டு, ஒயரைச் செல்போனின் 3.5 மி.மீ. ஹெட்போன் துளையில் செருகினால் போதும். உள்ளே நாடாவுக்குப் பதில் ஒரு சிறு காந்தத் தலை இருக்கிறது. அது செட்டின் தலையோடு ஒட்டி நின்று, ஒலியைக் காந்த மாற்றங்களாகக் கொடுக்கிறது. செட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. செலவு சில நூறு ரூபாய்தான். ஒலி மங்கலாக வந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் செட்டின் தலையைத் துடையுங்கள். ஹெட்போன் துளை இல்லாத புதிய போன்களுக்கு அதற்கான இணைப்பான் தனியாக வாங்க வேண்டும்.

2. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு கருவி இது. செல்போனிலிருந்து புளூடூத் வழியாகப் பாட்டை வாங்கி, எஃப்.எம். அலையாக அனுப்பும். வண்டி ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு கேட்கும். கேசட் பகுதி பழுதான செட்டுக்கும் இது உதவும். சிரமம் என்னவென்றால், பெருநகரங்களில் வானொலி நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. சென்னையில் 93.5, 98.3 போன்ற எண்களில் நிலையங்களின் ஒலி வலுவாக வரும். அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். காலியான எண்ணைத் தேடி வையுங்கள். வெளியூர் போனால் எண்ணை மாற்ற வேண்டியிருக்கும்.

3. ஆக்ஸ் ஒயர்

ஒலித் தரத்தில் முதல் இரண்டையும் விட இது மேல். சில செட்களின் பின்புறம் சி.டி. சேஞ்சருக்கான இணைப்பு இருக்கும். அதற்குப் பொருந்தும் அடாப்டர் கிடைத்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் தேர்ந்த ரேடியோ மெக்கானிக் செட்டைத் திறந்து, வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் ஒரு சுவிட்ச் வைத்து ஒயர் இழுத்துத் தருவார். ஒன்றை மறவாதீர்கள்: செல்போன் ஒயரை ஸ்பீக்கர் ஒயரோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. போனும் கெடும், செட்டும் கெடும்.

4. புளூடூத் போர்டு

ஆக்ஸ் ஒயர் போகும் இடத்திலேயே சிறு புளூடூத் போர்டை உள்ளே வைத்து விடலாம். வெளியே ஒயர் தொங்காது. இத்தகைய போர்டுகளில் பல 5 வோல்ட்டில் இயங்குபவை. வண்டியில் இருப்பதோ 12 வோல்ட். ஆகவே மின்னழுத்தம் குறைக்கும் பகுதியும் வேண்டும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்தே இதற்கு இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். எப்போதும் மின்சாரம் வரும் ஒயரில் இணைத்தால், வண்டி பல நாள் நின்றபின் பேட்டரி இறங்கிப் போகும். விடியற்காலைக் கொள்முதலுக்குப் புறப்படும்போது வண்டி கிளம்பாவிட்டால், அன்றைய வியாபாரமே போய்விடும்.

இரைச்சல் வந்தால்

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' என்ற சத்தம் ஏறுகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், சார்ஜர் வழியாகவும் ஒலி ஒயர் வழியாகவும் இரண்டு எர்த் ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சிறு பெட்டியை ஒலி ஒயரின் நடுவே போட்டால் சரியாகும்.

எப்போது புது செட்?

ஸ்பீக்கருக்கு ஒலி கொடுக்கும் பகுதியே போய்விட்டதென்றால் பழையதில் பணம் போடாதீர்கள். பழைய செட்டின் இடம் சுமார் 182 மி.மீ. அகலம், 53 மி.மீ. உயரம் இருந்தால், சிங்கிள் டின் அளவுப் புது செட்டே அதில் பொருந்தும். வண்டியின் மூல ஒயர்களை வெட்டாமல் இணைப்பான் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். பியூஸ் இல்லாமல் விடாதீர்கள். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

செல்போன் பாட்டுக்கு மட்டுமல்ல, ஆர்டருக்கும் வருகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, கையில் போன் பிடித்து ஓட்டினால் முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆகவே பாட்டைப் புறப்படும் முன்பே வைத்து விடுங்கள். ஆர்டர் வந்தால் வண்டியை ஓரம் கட்டிப் பேசச் சொல்லுங்கள். ஒரு மூட்டை ஆர்டருக்காக ஓட்டுநரின் உயிரையும் வண்டியையும் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.