உள்ளி மணக்கும் களை
(மண்ணும் மனையும் – 17)

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் ஒரு பிடி இலையை நீட்டினார். "தம்பி, இது என்ன கீரை? கசக்கினால் உள்ளி மணக்குது. வறை வறுக்கலாமோ?"

வறுக்கலாம். இளம் இலை சாப்பிட உகந்தது, கொஞ்சம் கசக்கும். டென்மார்க்கிலும் ஜேர்மனியிலும் தோண்டியெடுத்த, ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழைய பானைகளின் அடிப்பிடித்த கரியில் இந்தச் செடியின் தடயம் கிடைத்திருக்கிறது. மீனோடும் இறைச்சியோடும் மணத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் நான் அக்காவிடம் உடனே கேட்டது வேறு. "எங்க பிடுங்கினீங்கள்? இன்னும் எவ்வளவு நிக்குது?"

அது கார்லிக் மஸ்ரர்ட். நாம் உள்ளிக்கடுகு என்று சொல்லிக்கொள்வோம். கடுகு, முள்ளங்கி, கோவா எல்லாவற்றுக்கும் உறவு. சிலுவைபோல் விரிந்த நான்கு இதழ்ப் பூ குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வட அமெரிக்காவில் இது முதன்முதலாக நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் 1868இல் பதிவானது. 1879இல் ரொறன்ரோவிலும் பதிவாகிவிட்டது. இதன் சொந்த ஊரான ஐரோப்பாவில் இதைத் தின்ற பூச்சிகள் எதுவும் கூட வரவில்லை. இங்குள்ள மான்களோ இதை விட்டுவிட்டு அயலில் நிற்பதை மேய்கின்றன.

இதற்கு ஆயுள் இரண்டு ஆண்டு. முதல் ஆண்டில் தரையோடு ஒட்டிய சிறு கொத்து. இலை வல்லாரையை நினைவூட்டும், ஓரம் மட்டும் பல்பல்லாக இருக்கும். பனிக்குக் கீழேயும் பச்சையாகவே கிடக்கும். மறு வசந்தத்தில் தண்டு விறுவிறென்று எழும்பும், மேல் இலைகள் முக்கோணமாகும், மே மாதத்தில் வெள்ளைப் பூ. கசக்கி முகர்ந்து பார்ப்பதுதான் எளிய வழி. ஆனால் பத்துச் செடி பிடுங்கிய விரலில் எதை முகர்ந்தாலும் உள்ளிதான் மணக்கும் என்பதை மறக்க வேண்டாம். ரூத்வோர்ட் என்ற நம் காட்டுச் செடிக்கும் வெள்ளை நான்கு இதழ்தான். அதன் இலை மூன்றாகப் பிரிந்திருக்கும். அதைத் தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இது செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. கடுகுக்குக் காரம் தரும் அதே வகை இரசாயனம் இதன் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் மண்ணில் இறங்குகிறது. மேப்பிள் கன்றுகள் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சணங்களின் உதவியோடுதான் நிலத்திலிருந்து சத்தை எடுக்கின்றன. அந்தப் பூஞ்சணங்களை இது நலியச் செய்வதாக 2006இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கடுகு இனத்துக்குப் பூஞ்சணத்தின் துணை தேவையில்லை, அதனால் இதற்கு நட்டமில்லை. வெஸ்ட் வேர்ஜீனியா வைட் என்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் கதை இன்னும் துயரமானது. ரூத்வோர்ட்டில் இடவேண்டிய முட்டையை, உறவென்று நம்பி உள்ளிக்கடுகில் இடுகிறது. பொரிக்கும் புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்துப்போகின்றன.

ஸ்காபரோவில் நம்மவர் வீடுகள் பலவற்றின் பின்வேலிக்கு அப்பால் பள்ளத்தாக்குக் காடு தொடங்குகிறது. நம் வளவில் விதை விழுந்தால் அது சப்பாத்து மண்ணோடும் மழைநீரோடும் அங்கே இறங்கிவிடும். அங்கே நிற்கும் ட்ரில்லியம், 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாண மலர், விதையிலிருந்து பூவுக்கு வர ஏழு ஆண்டுக்கு மேலாகலாம். அது உள்ளிக்கடுகோடு எப்படி ஓடி வெல்லும்?

கையால் பிடுங்குவதே சிறந்த வழி. 2009 முதல் ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்து அழகுக்காகக் களைநாசினி தெளிப்பதற்குப் பெரும்பாலும் தடை. மழை பெய்த மறுநாள், தண்டை நிலத்தோடு அணைத்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். வேர் கழுத்தருகே ஒரு வளைவு வளைந்திருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் அங்கேதான் முறியும், மிச்சத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். கிளறிய மண்ணைக் காலால் அழுத்திவிடுங்கள். முதலில் ஓரத்தில் ஐதாக நிற்பவற்றைப் பிடுங்கி, பிறகு அடர்ந்த இடத்துக்குப் போங்கள். பூத்த செடியைப் பிடுங்கிக் குவியலில் போட்டுவிட்டு வந்தால், கிடந்தபடியே விதை முற்றும். கறுப்புப் பையில் கட்டி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் அவியவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழிக்கு வேண்டாம்.

இதன் சின்ன உறவு ஒன்றும் உண்டு: ஹெயரி பிற்றர்கிறெஸ். ஒரு நாற்றுமேடையில் வாங்கிய பூச்சட்டியோடு அது என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சாண் உயரம்கூட இல்லாத செடிதானே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் குனிந்து தொட்டபோது, தாளிக்கும் கடுகு சட்டியிலிருந்து தெறிப்பதுபோல விதை முகத்தில் தெறித்தது. முற்றிய காய் வெடித்து விதையைச் சில மீற்றர் தூரம் எறிந்துவிடும். காய் பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வாங்கிவரும் சட்டியின் மேல்மண்ணை ஒரு விரற்கடை சுரண்டிக் கொட்டுவது இப்போது என் பழக்கம்.

உள்ளிக்கடுகின் விதை மண்ணில் ஐந்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். 2018இல் ஒன்ராறியோவில் இந்தச் செடியைத் தின்னும் ஐரோப்பியக் கூன்வண்டை விட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அது நம் வேலிவரை வரும்வரை காத்திருக்க முடியாது. பூக்கும் வாரம் இதுதான்.

அக்கா அன்று மாலையே இரண்டு பை நிறையப் பிடுங்கினார். பூ வராத இளம் இலைகளை ஒரு சுளகில் தனியே எடுத்து வைத்திருந்தார். வறைக்குத் தேங்காய்ப்பூ கூடப் போட்டால் கசப்பு அடங்கும் என்றார்.