தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

ராஜஸ்தான் மாநிலப் பறவை கானமயில். அங்குள்ளோர் கோடாவண் என்பர். சேவல் 15 கிலோ வரை கனக்கும். அழியும் விளிம்பில் உள்ள இனம் என்று 2011-இல் உலகப் பட்டியலில் ஏறியது. இயற்கையில் எஞ்சியவை சுமார் 150. பெரும்பாலும் ஜெய்சல்மேர் பக்கம்.

இதற்கு அடர்ந்த காடு வேண்டாம். திறந்த புல்வெளிதான் வீடு. தரையில் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். நாயோ நரியோ தின்றுவிட்டால் போச்சு.

அந்தப் புல்வெளியை ஏட்டில் 'தரிசு' என்று எழுதினார்கள். தரிசுதானே என்று வயல் வந்தது, காற்றாலை வந்தது, சூரிய மின்நிலையம் வந்தது, கூடவே மின்கம்பி. பக்கவாட்டில் கண்ணுள்ள பறவைக்கு எதிரேயுள்ள கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. கம்பிகளைப் புதைக்கும்படி 2021-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2024-இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது.

ஜெய்சல்மேர் அருகே சம் என்னுமிடத்தில் 2019 முதல் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் புல்வெளி இல்லாவிட்டால் அவற்றை எங்கே கொண்டு விடுவது?

வியாபாரிகளாகிய நாம் வரவில்லாத நிலத்தை வீண் என்போம். கொல்லாமையைப் பேசுகிறவர்கள் முதலில் அந்தச் சொல்லைத் திருத்த வேண்டும்.