வெடியின் பலம் எங்கே இருக்கிறது?



தீபாவளிக் கொள்முதலுக்கு எங்கள் வெம்பக்கோட்டைப் பக்கம் வருகிற சில்லறைக் கடைக்காரர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்துக் கேட்பது சத்தம். "அண்ணாச்சி, போன வருஷம் அணுகுண்டு சத்தம் பத்தலைன்னு சொல்லிட்டாங்க. பெருசாப் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். வெடி பெரிதாக இருந்தால் பலமும் பெரிது என்பது நம் எல்லோருடைய எண்ணம். அது பாதிதான் உண்மை.

கருமருந்தைக் கொஞ்சம் திறந்தவெளியில் வைத்துக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து போகும். அதையே இறுக்கமான காகிதக் குழாயில் அடைத்தால், உண்டாகும் புகை வெளியேற வழியில்லாமல் குழாயைக் கிழித்துக்கொண்டு வரும். அந்தக் கிழிசல்தான் சத்தம். ஆகவே மருந்தின் எடையைப் போலவே, அது எரியும் வேகமும் சுற்றின் இறுக்கமும் முக்கியம்.

வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவிலும் இதே கணக்குதான். 12 போர் என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தை 12 உருண்டையாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுவே அந்தக் குழலின் அளவு. அதனால் 16 போர் குழல் 12 போரைவிடச் சிறியது! எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதே மருந்துக்கு முன்னால் ஈயக் குண்டுகளின் எடையைக் கூட்டினால் வேகம் குறையும். வேகம் இரட்டித்தாலோ ஆற்றல் நான்கு மடங்காகும்.

டெசிபல் கணக்கும் இப்படி ஏமாற்றக்கூடியதே. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 1999 அக்டோபரில் மத்திய அரசு விதி செய்தது. 125க்கும் 135க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடிவிடுகிறது. "கொஞ்சம் கூடுதல் சத்தம்" என்று கேட்பவர் எவ்வளவு கேட்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

சத்தத்துக்கு ஆசைப்பட்டவருக்காகவே லேபிள் இல்லாத சரக்கு பாதி விலைக்கு வருகிறது, பில்லும் கிடையாது. அலுமினியத் தூள் கலந்த மருந்து கருமருந்தைப் போன்றதல்ல. உராய்ந்தாலே தீப்பிடிக்கும், குவியலாக இருந்தால் அடைக்காமலும் வெடிக்கும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இன்னும் பலர். ஆலைகளிலேயே இப்படி என்றால், வீட்டுத் திண்ணையில் யாரோ அளவில்லாமல் அடைத்த வெடியை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினால் என்னவாகும்?

பெட்டியின் மேல் ரசாயன விவரமும், விதிப்படி தயாரானது என்ற குறிப்பும் இருக்கவேண்டும் என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. கொள்முதலுக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, தயாரிப்பாளர் பெயரையும் விலாசத்தையும் படித்து, பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். நான் காத்திருக்கிறேன், அவசரமில்லை.